இரண்டு பெயர்களும் ஒரு பிள்ளையும்

வன்னிப் பெருநிலத்தின் கிராமமொன்றிற் குழந்தை பிறந்தால், அதற்குப் பெயர் சூட்டப்படும் முன்னரே அதற்கென ஒரு கொப்பி திறக்கப்படுகின்றது. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு என்பது அதன் அரசாங்கப் பெயர்; தாய்மார் அதனைக் கிளினிக் கொப்பி என்றே வழங்குவர். பிறந்த திகதியும் நிறையும் அதன் முதற் பக்கங்களில் ஏறும். தடுப்பூசி ஏற்றிய நாள்கள் பின்னர் வரும். குழந்தை முகம் பார்த்துச் சிரித்தது எப்போது, தவழ்ந்தது எப்போது, முதற் சொல் சொன்னது எப்போது என்ற விபரங்களும் அதிற் குறிக்கப்படும். குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வரும்போதும், நிறை பார்க்கும் நாளிலும், அந்தக் கொப்பி தாயின் கையில் இருக்கும்.

அக்கொப்பியில் நிரம்ப வேண்டிய கட்டமொன்று வெறுமையாக நிற்கும்போது தாயின் மனத்திற் கலக்கம் தொடங்குகின்றது. இரண்டு வயது கடந்தும் பிள்ளை பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. கவிழ்த்து வைத்த சைக்கிளின் சில்லைச் சுழற்றிவிட்டு நெடுநேரம் அதனையே பார்த்துக்கொண்டிருக்கின்றது. புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குகின்றது. அவற்றில் ஒன்றை யாரேனும் எடுத்துவிட்டால் ஆற்ற முடியாதபடி அழுகின்றது. அதே பிள்ளை இருத்திய இடத்தில் ஒரு கணமும் இருப்பதில்லை. படலை திறந்திருந்தால் வீதிக்கு ஓடும். கண் தப்பினால் வாய்க்காற் கரையில் நிற்கும். முதலாவது குறையைப் பற்றி, “இவன்ரை தேப்பனும் பிந்தித்தான் கதைச்சவன்” என்று வீட்டு முதியோர் ஆறுதல் கூறுவர். இரண்டாவதைப் பற்றி, “சரியான குழப்படி” என்பர். நாவூறு கழிப்பதும் நூல் கட்டுவதும் நடக்கும். பாடசாலைக்குப் போன பின்னர், அடியாத மாடு படியாது என்ற பழமொழியும் நினைவூட்டப்படும்.

இன்றைய மருத்துவம் இவ்விரு வகைக் குணங்களுக்கும் இரு பெயர்களை வைத்திருக்கின்றது. பிறரோடு உறவாடுவதிலும் பேச்சிலும் வேறுபாடு காட்டி, ஒரே செயலிலும் ஒரே ஒழுங்கிலும் பற்றுக்கொண்டு நிற்கும் நிலை ஓட்டிசம் எனப்படும். வயதுக்கு ஏற்ற அளவில் மனத்தை ஒருமுகப்படுத்த இயலாமையும், அடங்காத இயக்கமும், எண்ணிப் பாராமற் செயலில் இறங்குதலும் சேர்ந்த நிலை அவதானக் குறைவு மிகை இயக்கக் குறைபாடு எனப்படும், ஏ.டி.எச்.டி. என்பது அதன் எழுத்துச் சுருக்கம். இவ்விரண்டும் ஒரே பிள்ளையிடம் இருத்தல் கூடும் என்பது இப்போது எந்த வைத்தியரும் ஏற்கும் உண்மை. ஆயினும், இரண்டு பெயர்களையும் ஒரே பிள்ளைக்கு எழுதலாகாது என்று உலகின் முதன்மையான மருத்துவக் கைநூல் ஒன்று இருபத்தாறு ஆண்டுகள் விதித்திருந்தது. அத்தடை எவ்வாறு எழுந்தது, எவ்வாறு வீழ்ந்தது என்பதை அறிந்தால், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு தாய் வைத்தியர்முன் என்ன கேட்க வேண்டும் என்பதும் விளங்கும்.

அமைதியற்ற பிள்ளையின் வரலாறே இரண்டினுள் மூத்தது. 1798 ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கிரைற்றன் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர், எதிலும் மனத்தை நிறுத்தவியலாதோரின் நிலையை விவரித்து எழுதினார். 1902 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஸ்ரில் என்னும் குழந்தை வைத்தியர் இலண்டன் மாநகரில் மருத்துவ அறிஞர்முன் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அறிவிற் குறைவில்லாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகள் அவருடைய பொருளாயினர். ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைவு என்று அவர் அதற்குப் பெயரிட்டார். பெயரிலே பழி தொனித்தபோதும், உடலமைப்பே காரணமாகலாம் என்று அவர் ஐயுற்றமை குறிப்பிடத்தக்கது. முதலாம் உலக யுத்த காலத்தில் மூளை அழற்சி நோயொன்று பரவிற்று. அதிலிருந்து பிழைத்த சிறுவர் பலர் அமைதியிழந்தவராய் மாறியதைக் கண்ட வைத்தியர்கள், மூளையிலேயே காரணம் இருக்க வேண்டும் என்று எண்ணத் தலைப்பட்டனர்.

மருந்து கிடைத்தது தற்செயலாகவே. அமெரிக்காவின் றோட் ஐலன்ட் மாநிலத்தில் சிறுவர் வைத்தியசாலையொன்றை நடத்திய சார்ள்ஸ் பிராட்லி, பரிசோதனையால் உண்டான தலைவலியைத் தணிக்க எண்ணி, ஊக்க மருந்தொன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். தலைவலி பெரிதும் தணியவில்லை. பாடங்களில் மாத்திரம் வியத்தகு மாற்றம் தோன்றிற்று. 30 பிள்ளைகளுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்ததில் 14 பேர் பள்ளிப்படிப்பிற் பெரிதும் முன்னேறினர் என்று 1937 ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். மெதைல்பெனிடேற் என்னும் மருந்து சுவிற்சர்லாந்தில் 1944 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. இன்றும் ஏ.டி.எச்.டி.க்கு முதலிற் கொடுக்கப்படும் மருந்துகளுள் அது ஒன்று.

ஓட்டிசத்தின் வரலாறு வேறொரு வழியே வந்தது. அச்சொல்லை 1911 ஆம் ஆண்டளவில் வழங்கியவர் ஒய்கன் புளூலர் என்னும் சுவிற்சர்லாந்து உளமருத்துவர். வளர்ந்தோரின் மனநோயொன்றில், வெளியுலகை விட்டு உள்ளே ஒடுங்கும் நிலையை அது குறித்தது. பிள்ளைகளின் நிலையை 1925 ஆம் ஆண்டிலேயே தெளிவாக எழுதியவர் மொஸ்கோவிற் பணியாற்றிய குரூன்யா சுக்காரேவா என்னும் பெண் வைத்தியர். ஆறு சிறுவரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1943 ஆம் ஆண்டில் பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலிருந்து லியோ கனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே உலகின் கண்ணைத் திறந்தது. அவர்களுள் முதலாமவன் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டொனால்ட். அவன் கனரிடம் வந்தது 1938 ஆம் ஆண்டில். வருமுன்னரே அவனுடைய தந்தை, மகன் பிறந்த நாள் முதலாக நடந்தவற்றை 33 பக்கங்களில் தட்டெழுதி அனுப்பியிருந்தார். பிள்ளை எதை விரும்பினான், எதைக் கண்டு அஞ்சினான், எச்சொல்லை எப்போது சொன்னான், எவரும் அறைக்குள் வந்தால் எவ்வாறு பாராதிருந்தான் என்பன அக்கடிதத்தில் இருந்தன. கனரின் விளக்கம் பெரிதும் அக்கடிதத்தின்மேல் எழுந்தது. ஓட்டிசத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பிள்ளையின் வரலாற்றை அறிந்த ஒருவர் அதனைச் சொல்லுதலும், பயின்ற கண் பிள்ளையை நேரிற் பார்த்தலுமே மதிப்பீட்டின் அடிப்படை. டொனால்ட் பின்னர் கல்லூரியிற் கற்று, வங்கியிற் பணியாற்றி, தன் ஊரவர் நடுவே வாழ்ந்து, 2023 ஆம் ஆண்டில் 89 ஆவது வயதிற் காலமானார்.

அடுத்த ஆண்டான 1944 இல் வியன்னா நகரின் ஹான்ஸ் அஸ்பேர்கர் நான்கு சிறுவரைப் பற்றி எழுதினார். பேச்சுத்திறன் நிறைந்தும் பழகத் தெரியாத பிள்ளைகள் அவர்கள். அவருடைய பெயர் பிற்காலத்தில் ஒரு நிலைக்கே சூட்டப்பட்டது. ஆயின், நாற்சி ஆட்சியில் ஊனமுற்ற பிள்ளைகள் கொல்லப்பட்ட ஸ்பீகல்குருண்ட் நிலையத்துக்கு அவரும் பிள்ளைகளை அனுப்பினார் என்பதை 2018 ஆம் ஆண்டில் வெளியான வரலாற்றாய்வு ஆவணங்களோடு காட்டிற்று. பிள்ளைக்குப் பெயரிடும் அதிகாரம் எத்துணைப் பாரமானது என்பதற்கு இது சான்று.

கனரின் கட்டுரைக்குப் பின் வந்த இருபது ஆண்டுகளில் பெரும் பிழையொன்று நிகழ்ந்தது. தாயின் அன்பு குளிர்ந்தமையாற் பிள்ளை தன்னுள் ஒடுங்கிற்று என்னும் கொள்கை பரவிற்று. 1967 ஆம் ஆண்டில் புரூனோ பெற்றல்ஹைம் எழுதிய நூல் அதற்கு மேலும் செல்வாக்கு அளித்தது. ஆயிரக்கணக்கான தாய்மார் தாமே குற்றவாளிகள் என்று நம்பினர். அந்நம்பிக்கையை உடைக்க முன்வந்தோருள் இருவர் ஓட்டிசமுள்ள பிள்ளைகளின் பெற்றோர். அமெரிக்க உளவியலாளர் பேர்னாட் றிம்லண்ட் 1964 ஆம் ஆண்டிலேயே உயிரியற் காரணங்களை எடுத்துக் காட்டினார். இங்கிலாந்து உளமருத்துவர் லோனா விங், ஜூடித் கூல்டுடன் சேர்ந்து 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஓட்டிசம் ஒரே வடிவினதன்று, பல படிகளில் விரிவது என்று நிறுவினார். இவற்றுக்கிடையே, 1977 ஆம் ஆண்டில் சூசன் போல்ஸ்ரைனும் மைக்கல் றட்டரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து, பரம்பரைக் கூறே பெரிது என்று காட்டினர். தாயின்மேல் வைத்த பழி மருத்துவத்தில் அத்துடன் தளர்ந்தது. ஊர்வாயில் அது இன்னும் முற்றாக ஓயவில்லை.

இவ்வாறு இரண்டு ஆறுகள் தனித்தனியே ஓடிவந்தன. அவை ஒன்று கூடியிருக்க வேண்டிய இடத்திலேதான் அணை கட்டப்பட்டது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் வெளியிடும் நோய்நிர்ணயக் கைநூல் உலகின் பல நாடுகளிற் பின்பற்றப்படுவது. அதன் 1987 ஆம் ஆண்டுப் பதிப்பிலே ஏ.டி.எச்.டி. என்னும் பெயர் முதன்முதல் இடம்பெற்றது. அதே பதிப்பிலேயே, ஓட்டிசத்தை ஒத்த வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இப்பெயரை வைக்கலாகாது என்ற விதியும் இடம்பெற்றது. 1994 ஆம் ஆண்டுப் பதிப்பும் அவ்விதியைத் தொடர்ந்தது. ஓட்டிசமுள்ள பிள்ளை ஓடித் திரிந்தால் அதுவும் ஓட்டிசத்தின் பகுதியே. வேறு விளக்கம் தேடுவது மிகை என்பது அதன் உட்கருத்து.

கொள்கையளவில் அது சீரானதாகத் தோன்றலாம். நடைமுறையில் அது பிள்ளைகளைப் பாதித்தது. ஓட்டிசம் என்று எழுதப்பட்ட பிள்ளையின் அவதானக் குறைவுக்குத் தனிச் சிகிச்சை தேடப்படவில்லை. ஏ.டி.எச்.டி. என்று எழுதப்பட்ட பிள்ளையின் பேச்சும் உறவும் ஆராயப்படவில்லை. 2008 ஆம் ஆண்டில் எமிலி சிமனோவ் முதலியோர் இங்கிலாந்தில் ஓட்டிசமுள்ள 112 பிள்ளைகளை ஆராய்ந்து, அவர்களுள் நூற்றுக்கு 28 பேருக்கு ஏ.டி.எச்.டி.யும் உண்டெனக் கண்டனர். ஏறக்குறைய நான்கு பிள்ளைகளில் ஒன்று, கைநூல் இல்லை என்று சொன்ன நிலையில் இருந்தது. 2013 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு தடையை நீக்கிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் பதினொராவது நோய்ப் பகுப்பும், 2022 ஆம் ஆண்டு தைத் திங்கள் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தபோது, இரண்டு பெயர்களும் ஒன்றாய் எழுதப்படுவதற்கு இடமளித்தது.

தடை நீங்கிய பின்னரும் அதன் நிழல் நீங்கவில்லை. 2015 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, ஓட்டிசமுள்ள ஏறக்குறைய 1,500 பிள்ளைகளின் விபரங்களை நோக்கிற்று. முதலில் ஏ.டி.எச்.டி. என்று மட்டும் சொல்லப்பட்ட பிள்ளைகள், மற்றையோரிலும் சராசரியாக மூன்று ஆண்டுகள் பிந்தியே ஓட்டிசம் என்ற முடிவைப் பெற்றிருந்தனர். முதலிற் கிடைத்த பெயர் மனத்துக்கு ஓர் அமைதியைத் தந்துவிடுகின்றது. தேடல் அங்கே நின்றுவிடுகின்றது. பேசப் பழகும் பருவத்தில் இழக்கப்படும் மூன்று ஆண்டுகளை மீட்டெடுப்பது எளிதன்று.

இலங்கையில் இப்பெயர்கள் ஊன்றிய நிலம் எத்தகையது என்பதையும் நோக்குதல் வேண்டும். களுத்துறையில் 1926 ஆம் ஆண்டில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வைத்திய அதிகாரி, தாதி, மருத்துவிச்சி ஆகியோர் நோயாளி வரும்வரை காத்திராமல் மக்களின் வாயிலுக்கே செல்லும் முறை அங்கே உருவாயிற்று. பின்னர் நாடு முழுவதும் அது பரவியது. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும், குடும்பநல உத்தியோகத்தரும், கிளினிக் கொப்பியும் அம்மரபின் வழி வந்தவை. விசேட கல்வியில், செவிப்புலன், விழிப்புலன் குறைந்தோருக்கான பாடசாலை 1912 ஆம் ஆண்டில் இரத்மலானையிலும், வடக்கில் 1956 ஆம் ஆண்டில் கைதடியிலும் தோன்றின. ஆனாற் காது கேட்டும் திரும்பாத பிள்ளைக்கும், கண் தெரிந்தும் முகம் பாராத பிள்ளைக்கும் நெடுங்காலம் பெயரும் இல்லை, இடமும் இல்லை.

கொழும்புச் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் உளமருத்துவர் ஹேமமாலி பெரேரா முதலியோர் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. பதினெட்டு முதல் இருபத்து நான்கு மாதம் வரையான 374 குழந்தைகளை நோக்கியதில், 93 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் ஓட்டிசம் காணப்பட்டது. சிறிய தொகை என்பதால் இதனை நாடளாவிய கணக்காகக் கொள்ள முடியாது. ஆயின் அதில் வெளிப்பட்ட மற்றொரு செய்தி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. மேல்நாட்டிற் சிறந்த பயன் தந்த வினாக்கொத்து, இங்கே மொழிபெயர்த்துத் தாய்மாரிடம் கேட்கப்பட்டபோது, ஓட்டிசமுள்ள பிள்ளைகளிற் காற்பங்கினரையே காட்டிக் கொடுத்தது. வினாவை மொழிபெயர்க்கலாம், வினாவுக்குப் பின்னுள்ள வாழ்க்கையை மொழிபெயர்க்க முடியாது. பின்னர் அவ்வாய்வாளர், பிள்ளையின் நடத்தைகளைப் படங்களாகத் தாய்க்குக் காட்டிக் கேட்கும் முறையொன்றை வகுத்து, 2017 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எழுத்தை நம்பாமற் கண்ணை நம்பிய அம்முறை, இந்நாட்டுத் தாய்மாருக்குப் பெரிதும் பொருந்திற்று.

வன்னியில் இவற்றோடு மற்றொரு வரலாறும் வந்து சேருகின்றது. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாளிற் கடல் முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2008 ஆம் ஆண்டிலிருந்து போர் மக்களை மேற்கிலிருந்து கிழக்கே தள்ளிற்று. 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் வைத்தியசாலைகளே இடம்பெயர்ந்தன. புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எனப் பாடசாலைக் கட்டடங்களிலும் கொட்டில்களிலும் அவை இயங்கின. உயிர் தப்பிய ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் வவுனியா மாவட்டத்தின் முகாம்களில் வைக்கப்பட்டனர். அவற்றுட் பெரியதான செட்டிகுளம் மெனிக் பாம் 2012 ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. மீண்டும் மீண்டும் எழுந்து ஓடிய குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்தன. கிளினிக் கொப்பியும் அவ்வழியிலேயே போயிற்று. சில வீடுகளில், பிள்ளையின் முதற் சொல்லைக் கேட்ட பாட்டியும் இல்லாமற் போனார். கனருக்குக் கிடைத்த 33 பக்கங்களைத் தரவல்ல சாட்சிகள் இவ்வாறு மறைந்தனர்.

வடகிழக்கின் 420 பாடசாலைப் பிள்ளைகளை நோக்கிய ஆய்வொன்று 2009 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, எறிகணை, அன்பினரின் மரணம் போன்ற கொடிய அனுபவங்களை அடைந்திருந்தனர். நாலில் ஒரு பங்கினர் மனவடுவின் பின்னான நோய்க்கு உள்ளாகியிருந்தனர். நினைவாற்றற் குறைவும், படிப்பிற் பின்னடைவும், பிறரை விட்டு ஒதுங்குதலும் அவர்களிடம் காணப்பட்டன. நேயர்கள் இதனை உற்று நோக்க வேண்டும். பாடத்தில் மனம் நில்லாமை ஏ.டி.எச்.டி. போலத் தோன்றும்; ஒதுங்கி நிற்றல் ஓட்டிசம் போலத் தோன்றும். வெளித்தோற்றம் ஒன்றாயிருந்தும் வேர் வேறாயிருக்கும்.

இதிலிருந்து இரண்டு வகைத் தவறுகள் நேரலாம். துயரால் வாடிய பிள்ளைக்கு மூளைக் குறைபாட்டின் பெயரைச் சூட்டிவிடுதல் ஒன்று. மற்றது இன்று பெரிதும் அஞ்சத்தக்கது. எந்தக் குறையைக் கண்டாலும், “சண்டைக்குப் பிறகு எல்லாப் பிள்ளையளும் இப்படித்தான்” என்று அமைதி கொள்வது எளிது. ஆயின் இன்று மதிப்பீட்டுக்கு வரும் சிறு பிள்ளைகள் 2009 ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர்கள். போரைக் கண்டவர்கள் அவர்களின் பெற்றோர். தாயின் துயரம் வீட்டின் பேச்சையும் சிரிப்பையும் குறைக்கலாம். அதற்கும் ஆதரவு தேவை. ஆனால் தாயின் துயரமே பிள்ளையின் ஓட்டிசத்துக்குக் காரணம் என்று சொன்னால், மேல்நாட்டார் பெரும்பாடுபட்டுக் கைவிட்ட பழைய பழி புதிய உடையில் வன்னிக்கு வந்ததாகும். 1987 ஆம் ஆண்டில் ஒரு பெயர் மற்றப் பெயருக்கு வழி அடைத்தது போல, போர் என்னும் விளக்கம் இரண்டு பெயர்களுக்கும் வழி அடைத்துவிடலாகாது.

நல்ல மதிப்பீடு இவற்றை எவ்வாறு பிரித்தறிகின்றது? முதற்படி காது. பெயர் சொல்லி அழைத்தாற் திரும்பாத எப்பிள்ளைக்கும் செவிப்புலன் பரிசோதனை முதலில் நடைபெற வேண்டும். அடுத்தது காலம். ஓட்டிசத்தின் அடையாளங்கள் வாழ்வின் முதற் சில ஆண்டுகளிலேயே தோன்றும், ஏ.டி.எச்.டி.யின் அடையாளங்கள் பன்னிரண்டு வயதுக்கு முன் தோன்றி, ஆறு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும். பயத்தாலும் இழப்பாலும் வந்த மாற்றமோ, பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சிக்குப் பின்னரே தொடங்கும். அதற்கு முன் பிள்ளை வேறாயிருந்திருக்கும். மூன்றாவது இடம். வீட்டில் மட்டுமோ, வகுப்பில் மட்டுமோ காணப்படும் குழப்படி ஏ.டி.எச்.டி.க்குப் போதிய சான்றாகாது. இரண்டு இடங்களிலேனும் அது தெரிய வேண்டும். ஆகவே ஆசிரியரின் சொல்லும் வைத்தியருக்குத் தேவை.

நான்காவது காரணம். ஊர்த் திருவிழாவில் வெடி கொளுத்தும்போது மூன்று பிள்ளைகள் மூன்று விதமாக நடக்கலாம். ஒருவன் ஒலியின் கூர்மை தாங்காமற் காதைப் பொத்துகின்றான்; மா இடிக்கும் இயந்திரத்தின் ஒலிக்கும் அவ்வாறே செய்வான். ஒருத்தி பழைய நினைவொன்று எழுந்து நடுங்குகின்றாள். இன்னொருவன் வெடியை எடுக்கவே ஓடுகின்றான். காதைப் பொத்தும் பிள்ளையே அடுத்த கணத்தில் வெடியை நோக்கி ஓடுவதும் உண்டு. அத்தகைய பிள்ளையை நோக்கியே, “இதுவா, அதுவா” என்று கேளாமல், “இதுவும் அதுவும் உண்டா” என்று வைத்தியம் கேட்கக் கற்றுக்கொண்டது.

இரண்டையும் கேட்பதாற் பயன் என்ன என்று எவரேனும் வினவலாம். ஏ.டி.எச்.டி.க்கு மருந்து உண்டு. ஓட்டிசத்தின் அடிப்படை நிலைக்கு மருந்து இல்லை, பயிற்சியே உண்டு. இரண்டும் சேர்ந்த பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். 2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓட்டிச வகையோடு மிகை இயக்கமும் உள்ள 72 பிள்ளைகளுக்கு மெதைல்பெனிடேற் கொடுத்துச் செய்த ஆய்வில், ஏறக்குறையப் பாதிப்பேர் பயனடைந்தனர். பக்கவிளைவு காரணமாக நூற்றுக்கு 18 பேர் அதனை நிறுத்த நேர்ந்தது. ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ள பிள்ளைகளிடம் அதன் பயன் இதனினும் மேலானது. ஆகவே ஓட்டிசத்தை அறியாமல் மருந்து தொடங்கினால், பிள்ளை ஏன் எரிச்சலுறுகின்றது என்பது விளங்காது. ஏ.டி.எச்.டி.யை அறியாமற் பேச்சுப் பயிற்சி தொடங்கினால், பிள்ளை ஏன் கதிரையில் இருக்கவில்லை என்பது விளங்காது. ஒன்றை அறியாமல் மற்றதற்குச் செய்யும் வைத்தியம் பாதி வைத்தியமே.

வன்னியில் இந்த வழி நெடியது. குடும்பநல உத்தியோகத்தரிடம் தொடங்கி, சுகாதார வைத்திய அதிகாரி, மாவட்ட வைத்தியசாலையின் குழந்தை வைத்திய நிபுணர், உளமருத்துவர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் என அது நீளும். இவர்கள் யாவரும் ஓரிடத்தில் ஒரே நாளிற் கிடைப்பதில்லை. பரந்தன் வீதியாலும் மாங்குளம் வீதியாலும் முல்லைத்தீவுத் தாய் பஸ்ஸிற் புறப்பட்டு வர வேண்டும். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ மேலும் அனுப்பப்படுவதும் உண்டு. ஒரு நாட் பயணம் ஒரு நாட் கூலியின் இழப்பு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நிலவிற்று. வைத்தியர் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். இவ்வளவு விலை கொடுத்து வரும் தாய், ஒரு பெயரோடு திருப்பி அனுப்பப்பட்டு, சில ஆண்டுகளின் பின் மற்றப் பெயருக்காக மீண்டும் வர நேர்ந்தால், அவ்விழப்பை எவரும் ஈடுசெய்யார். முதற் பயணத்திலேயே இரண்டையும் கேட்பது வசதியுள்ள நகரத்துக்கு நல்வழக்கம். வன்னிக்கோ அது இன்றியமையாத கடன்.

அப்பயணத்துக்குத் தாய் கொண்டு செல்லக்கூடியவை சில உண்டு. கிளினிக் கொப்பி முதலாவது. அது தொலைந்திருந்தால், நினைவிலுள்ளதை ஒரு தாளில் எழுதலாம்: எப்போது நடந்தது, எப்போது பேசிற்று, பேசிய சொல்லை இழந்ததுண்டா, எப்போது உறங்குகின்றது, எதற்கு அஞ்சுகின்றது, எதிலே மகிழ்கின்றது. திகதி நினைவில் இல்லையெனில், சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னா பின்னா, தம்பி பிறக்க முன்னா பின்னா என்று குறித்தாலும் போதும். பாடசாலை ஆசிரியரின் கடிதம் இரண்டாவது. பிள்ளை விளையாடும்போதும் கூப்பிடும்போதும் கைத்தொலைபேசியிற் பதிந்த சிறு காட்சிகள் மூன்றாவது. வைத்தியசாலையில் அரைமணி நேரத்திற் தோன்றாதது அக்காட்சியிற் தோன்றலாம். எழுதத் தெரியாத தாயும் இவ்வாறு தன் 33 பக்கங்களைச் சேர்க்க முடியும்.

பெயர் கிடைத்தவுடன் பிள்ளை மாறிவிடுவதில்லை. புளியங்கொட்டையை அடுக்கியவன் மறுநாளும் அடுக்குவான். வாய்க்காலுக்கு ஓடியவன் மறுநாளும் ஓடுவான். மாறுவது சுற்றியிருப்போரின் கை. அடிக்க ஓங்கிய கை தாழும். நூல் கட்டச் சென்ற கால் சிகிச்சையாளரிடமும் செல்லும். வகுப்பிற் கடைசி வாங்கில் இருத்தப்பட்ட பிள்ளை முன் வாங்குக்கு வரும். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமை காரணமாக எவரும் கல்வி நிலையத்திற் பாகுபாடு காட்டப்படலாகாது என்கின்றது. அவ்வுரிமையைக் கேட்பதற்கும் ஒரு பெயர் உதவுகின்றது.

ஒழுக்கக் குறைவு என்றனர். தாயின் குளிர்ச்சி என்றனர். ஒன்றிருந்தால் மற்றது இல்லை என்றனர். ஒவ்வொரு முறையும், கிடைத்த விடையோடு அமையாது பிள்ளையை மீண்டும் ஒருமுறை பார்த்தவராலேயே அறிவு வளர்ந்தது. அவர்களுட் பலர் பெற்றோர். கிளிநொச்சிக்குப் புகைவண்டி திரும்பி வந்த 2013 ஆம் ஆண்டிலேயே இரண்டு பெயர்களுக்கும் இடையிலான தடையும் நீங்கிற்று. வண்டி ஓடுகின்றது. அதே உரிமையோடு, தன் பிள்ளைக்கு இரண்டையும் பாருங்கள் என்று கேட்க வன்னித் தாய்க்கு இப்போது இடமுண்டு. கேட்பது அவளுடைய பங்கு. கேட்டபின் இரண்டையும் பார்ப்பதும், அவள் சொல்லும் வரலாற்றை முடியும்வரை கேட்டிருப்பதும் வைத்தியத்தின் பங்கு.